உணர்வில்லாத கையை எடுத்துவிட்டு எந்திரக் கை பொருத்திக்கொள்வது சரியா?

வலக்கை எழுதியது:

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்தேன். தோள் தரையில் மோதியதில், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் தண்டுவடத்தோடு சேரும் இடத்திலேயே பிய்ந்துவிட்டன. எலும்பு உடையவில்லை, வெளியே பெரிய காயமும் இல்லை. வலது கை மட்டும் தொங்கிப்போனது. விலா நரம்புகளைத் திருப்பிவிட்டு, முழங்கையை மடக்கும் தசையோடு இணைத்தார்கள். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும் என்பதால் ஒன்றரை வருடம் காத்திருந்தேன். முழங்கை மடங்கியது. மணிக்கட்டும் விரல்களும் வரவில்லை, இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள். தொட்டால் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. இரண்டு முறை கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது.

இப்போது பார்க்கும் டாக்டர் ஒரு வழி சொல்கிறார். முன்கையின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு மயோஎலக்ட்ரிக் கை பொருத்தலாம் என்கிறார். அதாவது, மிச்சமிருக்கும் தசை சுருங்கும்போது எழும் சிறு மின்சாரத்தைப் படித்துத் திறந்து மூடும் கை. பிடிக்கலாம், விடலாம்.

அம்மா கேட்டதும் அழுதுவிட்டார். "உசுரோட இருக்கற கைய யாராச்சும் வெட்டுவாங்களா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ரத்தம் ஓடுகிற கை இது. நகம் வளர்கிறது, வாராவாரம் வெட்டிவிடுகிறேன். என் மகளுக்கு நான்கு வயது. வெளியே போனால் இந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்வாள், ஏனென்றால் இடது கைக்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். அவள் பிடித்திருப்பது எனக்குத் தெரியாது, குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

நரம்பு அறுவைக்குக் காலக்கெடு உண்டு என்பதை நான் முதலில் போன இடத்தில் யாரும் சொல்லவில்லை. ஐந்து மாதம் வீணாகப் போனது. அதனால்தான் இந்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்கிறேன். செய்ய முடியுமா என்பதை டாக்டர் சொல்லிவிடுவார். செய்வது சரியா என்பதை உங்களிடம் கேட்கிறேன்.

---

முன்னோக்கி எழுதியது:

நண்பரே, உங்கள் கை, உங்கள் முடிவு. இதில் தவறு எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பழுதான மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கிறார்கள், கண் வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். யாரும் அறம் பற்றிப் பேசுவதில்லை. கை வெளியே தெரிகிறது என்பதற்காக அதற்கு மட்டும் தனி நியாயமா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் ஹியூ ஹெர் 1982இல் பனிமலையில் சிக்கி இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். தானே வடிவமைத்த கால்களோடு திரும்பவும் பாறை ஏறினார். அவருடைய குழு, காலை எடுக்கும்போதே எதிரெதிராக வேலை செய்யும் தசைகளை ஜோடியாக இணைத்துவிடும் ஓர் அறுவை முறையை உருவாக்கியது. இல்லாத கணுக்கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது மூளைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். 2024இல் வந்த முடிவில், இப்படி அறுவை செய்துகொண்ட ஏழு பேர், பழைய முறையில் காலை எடுத்த ஏழு பேரைவிட 41 சதவீதம் வேகமாக நடந்தார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகு, அசையாத கையைச் சுமந்துகொண்டிருப்பது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம் என்பது என் கருத்து.

---

தண்டூன்றி எழுதியது:

முன்னோக்கி, "சுமந்துகொண்டிருப்பது" என்ற சொல் என்னைத் தைத்தது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. இடது கால் மெலிந்து, குட்டையாக இருக்கும். காலைத் தாங்கும் காலிப்பர் சட்டமும் தண்டும் இல்லாமல் நடக்க முடியாது. போலியோ தசையை இயக்கும் நரம்பைத்தான் தாக்கும், உணர்வைத் தொடாது. என் பாதத்தில் ஈரமான மண் படுவது எனக்குத் தெரியும். பேரன் கிச்சுகிச்சு மூட்டினால் தெரியும். பார்ப்பவர்களுக்கு அது "பழுதான" கால். உள்ளே இருந்து பார்க்கும் எனக்கு அது என் கால்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவர், இதை எடுத்துவிட்டு நல்ல செயற்கைக் கால் போட்டால் நேராக நடக்கலாமே என்றார். நல்ல மனதோடு சொன்னார். நான் மறுத்ததும் அவர் முகம் மாறியது. எனக்கு வழி காட்டியும் நான் வேண்டாம் என்பதால், இனி நான் படும் சிரமமெல்லாம் நானே வரவழைத்துக்கொண்டது என்பதுபோல் ஒரு பார்வை. என் பயம் அங்கேதான் இருக்கிறது. இன்று விருப்பமாக இருப்பது நாளை எதிர்பார்ப்பாகும். "மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே, சரிவுப்பாதை எதற்கு?" என்று கேட்பார்கள். வேலை தருபவர் கேட்பார், காப்பீட்டுக்காரர் கேட்பார். எந்திரக் கால் வேண்டுமென்பவர் போட்டுக்கொள்ளட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. வேண்டாம் என்பவருக்கு விளக்கம் சொல்லும் கடமை வரக்கூடாது.

வலக்கை தம்பி, உங்கள் கை என் காலைப் போன்றதல்ல என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு உணர்வே இல்லை. அதனால் உங்களுக்கு "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

---

படியேறி எழுதியது:

நான் காலை எடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. பாதம் நசுங்கி, மூன்று வருடம் அறுவை மேல் அறுவை, எலும்பில் சீழ். கடைசியில் நானே எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்ததற்காக நான் வருந்தியதில்லை. அந்த மூன்று வருடத்துக்காகத்தான் வருந்துகிறேன்.

ஆனால் விளம்பரத்தில் ஓடுகிறவரைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். காலையில், மிச்சக் காலை நுழைக்கும் சாக்கெட் இறுக்கமாக இருக்கும். மாலைக்குள் அடிக்கட்டை சுருங்கித் தளர்ந்துவிடும், நடுவில் உட்கார்ந்து இன்னொரு உறை மாட்ட வேண்டும். வேர்த்தால் வழுக்கும். தோலில் ஒரு புண் வந்தால் போதும், அது ஆறும்வரை கால் இல்லை. நடுராத்திரியில் எழுந்தால் கால் கட்டிலுக்குக் கீழே கிடக்கும், ஊன்றுகோலைத் தேட வேண்டும். அப்புறம் இல்லாத பாதத்தில் கட்டைவிரல் முறுக்கிக்கொள்ளும் வலி. நரம்பியல் நிபுணர் வி.எஸ். ராமச்சந்திரன் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டியில் மற்ற காலை வைத்து, அதன் பிம்பத்தை இல்லாத காலாகப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். எனக்குப் பாதி குறைந்தது. சிலருக்குக் குறைவதே இல்லை.

இன்னொன்று, காலும் கையும் ஒன்றல்ல. காலுக்கு முக்கிய வேலை தாங்குவதும் தள்ளுவதும். அதை எந்திரம் ஓரளவு நன்றாகவே செய்துவிடும். கை தடவிப் பார்க்கும், தேடும், பிடித்தது நழுவுவதை உணரும். கால் விஷயத்தில் என் அனுபவத்தை நம்புங்கள், கை விஷயத்தில் வேண்டாம்.

---

பொருத்துநர் எழுதியது:

செயற்கை உறுப்பு பொருத்துவது என் தொழில். இருபது வருடமாகச் செய்கிறேன். என் தொழிலுக்கு எதிராகப் பேசுவதுபோல் இருந்தாலும் பரவாயில்லை.

கை பொருத்திக்கொண்டவர்களில் கணிசமானவர்கள் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். 2007இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, பெரியவர்களில் மின்சாரக் கையைக் கைவிட்டவர்கள் சராசரியாக 23 சதவீதம், கம்பியால் இழுத்து இயக்கும் கையைக் கைவிட்டவர்கள் 26 சதவீதம். எடை, சூடு, பழுது, மெதுவான இயக்கம் என்று காரணம் பல. ஒரு கையாலேயே எல்லாம் செய்யப் பழகிவிட்டவருக்கு, புதுக் கை உதவியைவிடத் தொந்தரவாகத் தெரியலாம். நீங்கள் ஆறு வருடமாக இடது கையால் வாழ்ந்திருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

2016இல் சூரிச்சில் சைபத்லான் என்ற போட்டி நடந்தது. செயற்கை உறுப்புகளோடு அன்றாட வேலைகளைச் செய்து காட்டும் போட்டி. கைப் பிரிவில் வென்றவர் பயன்படுத்தியது மோட்டார் இல்லாத, தோளின் அசைவால் இழுத்து இயக்கும் எளிய கருவி. இழுவையின் இறுக்கத்தை வைத்தே எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பது தோளுக்குத் தெரிந்துவிடும். கடையில் கிடைக்கும் பல மின்சாரக் கைகளில் அந்த உணர்வு இல்லை, கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பிடிக்க வேண்டும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்களுக்கு இதை முறையாகச் செய்து காட்டியவர் வியன்னாவின் அறுவை மருத்துவர் ஆஸ்கர் அஸ்மான். தோள் நரம்புகள் பிய்ந்த மூன்று பேருக்குச் செய்த சிகிச்சையை 2015இல் லான்செட் மருத்துவ இதழில் அவருடைய குழு வெளியிட்டது. அதில் என்னைக் கவர்ந்தது எந்திரக் கை அல்ல. வெட்டுவதற்கு முன் அவர்கள் செய்ததுதான் என்னைக் கவர்ந்தது. முதலில் நரம்பையும் தசையையும் மாற்றி வைத்து, எந்திரக் கை படிக்கக்கூடிய மின் சமிக்ஞை உண்டாக்கினார்கள். பல மாதம் திரையைப் பார்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம் அசையாத கையை அப்படியே வைத்துக்கொண்டு, அதோடு சேர்த்து எந்திரக் கையைக் கட்டிப் பயன்படுத்த வைத்தார்கள். தன் கையும் புதுக் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, எது தனக்கு வேண்டும் என்று நோயாளியே பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கத்தி. 57க்கு மதிப்பெண் போடும் கைச் செயல் சோதனையில் சராசரி 5 அளவிலிருந்து 30 அளவுக்கு உயர்ந்தது. பெரிய மாற்றம்தான். ஆனால் 30 என்பது 57 அல்ல என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: முன்கையில் எனக்கு எத்தனை சமிக்ஞை இருக்கிறது? திறக்க ஒன்று, மூட ஒன்று என்று தனித்தனியாக இரண்டாவது வேண்டும். எடுப்பதற்கு முன் கட்டிப் பார்க்க ஏற்பாடு உண்டா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

---

வலக்கை எழுதியது:

பொருத்துநர் ஐயா, நன்றி. கட்டிப் பார்க்கலாம் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை முதல் பதிவில் மறைத்துவிட்டேன். எனக்கு அந்தக் கையில் வலி இருக்கிறது. தொட்டால் தெரியாத கையில், யாரோ கொதிக்கும் எண்ணெயில் முக்கிப் பிடித்திருப்பதுபோல் ஒரு வலி. ஒரு நாளைக்குப் பல முறை வரும். உண்மையைச் சொன்னால், கையை எடுத்துவிட்டால் அது போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் இந்த யோசனைக்கே நான் செவிகொடுத்தேன்.

---

தசைவழி எழுதியது:

நான் மறுவாழ்வுப் பிரிவில் பிசியோ. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்தப் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வலக்கை, அந்த வலி கையிலிருந்து வருவதல்ல. தண்டுவடத்தில் நரம்பு வேர் பிய்ந்த இடத்திலிருந்து எழுகிறது. கையை எடுத்தாலும் வலி பெரும்பாலும் அப்படியே இருக்கும், இல்லாத கையில் எரியும். அந்த வலிக்குத் தனி மருந்துகள் உண்டு. மருந்துக்கு அடங்காவிட்டால், வேர் நுழைந்த இடத்தில் செய்யும் தனி அறுவையும் உண்டு. அதைத் தனியாக ஒரு வலி நிபுணரிடம் பேசுங்கள். வலிக்காகக் கையைக் கொடுத்துவிட்டு, வலியும் போகாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏமாற்றம் மிகக் கொடியது.

இந்த இழையின் கேள்விக்கே என் பதில் இதில் இருக்கிறது. எடுப்பது அறமா என்று பொதுவாகக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எதற்காக எடுக்கிறார், அது கிடைக்குமா என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியாமல் எடுப்பது நிச்சயம் தவறு. சம்மதப் படிவத்தில் இவருடைய கையெழுத்து இருந்திருக்கும். உள்ளே இருந்த காரணமோ தப்பான காரணம். யாருக்கும் தெரிந்திருக்காது.

கால் விஷயத்தில் ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில், காலில் கடும் காயம்பட்ட வீரர்களுக்காக ஐடியோ என்ற கார்பன் இழைத் தாங்கியை உருவாக்கினார்கள். காலை எடுக்காமலே அதற்கு வெளியே போடுவது, மிதிக்கும் விசையைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தரும். அதோடு எட்டு வாரக் கடும் பயிற்சி. ஆரம்பத்தில் காலை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த 50 பேரில் 41 பேர், முடிவில் காலை வைத்துக்கொள்ளவே விரும்பினார்கள். அந்த 41 பேரும் முதலில் முட்டாள்தனமாக யோசிக்கவில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட வழிகள் இரண்டுதான், மூன்றாவது வழி வந்ததும் மனம் மாறியது.

---

மைதானம் எழுதியது:

விளையாட்டிலும் இதே குழப்பம்தான். இரண்டு செயற்கைக் கால்களோடு ஓடிய தென்னாப்பிரிக்க வீரர் பிஸ்டோரியஸுக்கு 2008இல் முதலில் தடை, அப்புறம் மேல்முறையீட்டில் அனுமதி. ஒரு செயற்கைக் காலோடு நீளம் தாண்டும் ஜெர்மன் வீரர் மார்கஸ் ரேமால் ஒலிம்பிக்கில் இன்றுவரை தாண்ட முடியவில்லை. செயற்கைக் கால் இருப்பவரிடம், அதனால் லாபம் இல்லை என்று நீயே நிரூபி என்று 2020 வரை தடகள விதியே சொன்னது. இயற்கையாகவே நீளமான கால் உள்ளவரிடம் யாரும் கேட்பதில்லை. இழை வேறு திசையில் போகிறது என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

---

முன்னோக்கி எழுதியது:

தசைவழி, தண்டூன்றி, இருவர் சொன்னதையும் இரண்டு நாள் யோசித்தேன். "சுமந்துகொண்டிருப்பது" என்று எழுதியதற்கு வருந்துகிறேன், தண்டூன்றி அம்மா. உணர்வுள்ள கால், உணர்வில்லாத கை என்ற வித்தியாசமே எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டு, கட்டிப் பார்த்து, வலி போகாது என்றும் புரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் ஒருவர் எடுத்துவிடுங்கள் என்றால் மருத்துவர் தயங்கக்கூடாது. "உயிருள்ள கை" என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தால், கேட்டவர் மறுப்பவரின் மனநிம்மதிக்காக வாழச் சொல்லப்படுகிறார்.

---

படியேறி எழுதியது:

எந்த எல்லை வரை? ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க்கில் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் 1990களின் கடைசியில் இரண்டு பேருக்கு நன்றாக இருந்த காலை எடுத்தார். அந்தக் கால் தங்களுடையதல்ல என்ற உணர்வோடு பல வருடம் தவித்தவர்கள் அவர்கள். 2000இல் செய்தி வெளியே வந்ததும் மருத்துவமனை அதை நிறுத்திவிட்டது. அவர்கள் தவிப்பு பொய்யல்ல என்றே நினைக்கிறேன். ஆனாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை, ஏன் என்று தெளிவாகச் சொல்லவும் வரவில்லை. சீழ் பிடித்த காலை நான் கொடுத்ததும் அதுவும் ஒன்று என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

---

பொருத்துநர் எழுதியது:

முன்னோக்கி, எல்லாம் தெரிந்துகொண்டு என்றீர்கள். தெரிந்துகொள்ளவே முடியாத ஒன்று இருக்கிறது, பத்து வருடம் கழித்து அந்தக் கருவிக்கு யார் பொறுப்பு என்பது. ஆர்கஸ் 2 என்று கண்ணுக்குள் பொருத்தும் கருவி ஒன்று வந்தது. பார்வை இழந்த 350க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். செய்த நிறுவனம் பணமில்லாமல் கைவிட்டது. கருவி கண்ணுக்குள்ளேயே இருக்க, பழுது பார்க்க ஆளில்லை. கைக்கும் இதே கதை வரலாம். மோட்டார் தேயும், பேட்டரி போகும், அதே மாதிரி செய்வதை நிறுத்திவிடுவார்கள். எடுத்த கை திரும்பி வராது.

உறுப்பை எடுத்துப் பொருத்துகிறவர், அந்த மனிதர் வாழும்வரை பராமரிப்பதற்கும் எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும். இருபது வருடத்தில் என்னிடம் பொருத்திக்கொண்டவர்களில் எத்தனை பேரை நான் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன் என்று இதை எழுதும்போது எண்ணிப் பார்த்தேன். போதாது. இந்த வாரம் பழைய பதிவேட்டை எடுத்துக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறேன்.

---

வலக்கை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் வலி நிபுணரைப் பார்த்தேன். தசைவழி சொன்னதையே அவரும் சொன்னார். புது மருந்தில் ஓரளவு தேவலை, இரவு தூங்குகிறேன். வலியைத் தனியாகப் பிரித்து வைத்த பிறகுதான் கையைப் பற்றி யோசிக்கவே முடிகிறது.

டாக்டரிடம் உங்கள் கேள்விகளை எழுதிக்கொண்டுபோய்க் கேட்டேன். சோதித்தார்கள். முன்கையில் ஒரு சமிக்ஞை தெளிவாக இருக்கிறது, இரண்டாவது மிக மெலிசு. மூன்று மாதம் பயிற்சி, அது வலுத்தால் என் கையோடு சேர்த்துக் கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்றார். வலுக்காவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றும் அவரே சொன்னார். பராமரிப்புக்கு எழுத்தில் உத்தரவாதம் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இதற்கிடையே நானே ஒன்று செய்தேன். இரண்டு வாரம் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன், முன்கை இல்லாததுபோலவே. அப்போதுதான் தெரிந்தது, ஒன்றுமே செய்யாத கை என்று நான் நினைத்தது என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது என்று. இடது கையால் எழுதும்போது காகிதம் நகராமல் அதுதான் மேலே கிடந்திருக்கிறது. மடக்கிய முன்கையில் துணிகளைப் போட்டுக்கொண்டுதான் மாடிக்குப் போயிருக்கிறேன். கதவை மூடவிடாமல் அதைத்தான் இடையில் வைத்திருக்கிறேன். இவற்றில் பாதியை எந்திரக் கை இன்னும் நன்றாகச் செய்யும். மீதிக்கு வேறு வழி கண்டுபிடிக்கலாம்.

முதல் நாள் மகள் வலப்பக்கம் வந்து நின்று, கையைத் தேடிச் சட்டையை இழுத்தாள். பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு இடது கையைக் கொடுத்தேன். அவள் விரல் சூடு தெரிந்தது. ஆறு வருடத்தில் நான் ஏன் இதைச் செய்யவில்லை என்று தெரியவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கையைக் கட்டிவிட அவரே வந்தார்.

பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது. இரண்டாவது சமிக்ஞை என்ன ஆகிறது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.